ஊசி விரல்ல ஏறின பிறகுதான் கேக்கிறேன்: வீசிங்குக்கு செட்ரிசின் தினமும் போடலாமுங்களா?

ஓவர்லாக்காரி, திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் மொதத் தடவை. நீளமாப் போயிருச்சு, பொறுத்துக்குங்க.

எனக்கு 39 வயசு. பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர், 17 வருஷமா. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துலதான் என் மெஷின். வெள்ளைத் துணி ஓடற அன்னிக்கு சாயங்காலம் கண்ணாடியில பாத்தா புருவம், கண் ரப்பை எல்லாம் பஞ்சு உக்காந்து கெழவி மாதிரி இருப்பேன். தும்மல் சின்ன வயசுலயே உண்டு. காலையில எந்திரிச்சதும் இருபது, இருபத்தஞ்சு. மூக்குல தண்ணி கொட்டும், மேலண்ணம் அரிக்கும், நாக்காலயே சொறிஞ்சுக்குவேன். அது பழகிப்போச்சுங்க. ரெண்டு வருஷமாத்தான் வீசிங்கும் சேந்துக்கிச்சு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரி சத்தம். எந்திரிச்சு செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவேன்.

டாக்டர்கிட்ட போனா அரை நாள் கூலி போயிரும். அதனால கம்பெனி விட்டு வர்ற வழியில மெடிக்கல்ல நின்னு, "தும்மல், வீசிங், ஒடம்பு வலி, மூணு நாளைக்குக் குடுங்க"ம்பேன். அட்டையைக் கத்திரியில நறுக்கி நறுக்கி, வேளைக்கு நாலு மாத்திரைன்னு சின்னக் காகிதக் கவர்ல போட்டுக் குடுப்பாங்க. செட்டுன்னு சொல்லுவோம். ரெண்டு வேளை போட்டா மூச்சு லேசாயிரும். மாசத்துல ரெண்டு தடவை, சில மாசம் மூணு தடவை இப்படியே ஓடுச்சு.

போன மாசம் அவசர ஆர்டர், ஒன்றரை ஷிப்ட். மத்தியானம் சாப்பிட்டு ஒரு செட்டு போட்டுட்டு உக்காந்தேன். மூணரை மணி இருக்கும். தூங்கலைங்க, சத்தியமா கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா கை துணியோட போகுது, நான் எங்கயோ இருக்கேன். ஸ்லீவ் ஜாயின்ட் ஓட்டிட்டு இருந்தவ, துணி முடிஞ்சும் காலை பெடல்ல இருந்து எடுக்கல. ஊசி இடது ஆள்காட்டி விரல் நகத்து வழியா எறங்கி நின்னுருச்சு. வலி ஒரு நொடி கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஊசியை விட அந்த ஒரு நொடிதான் எனக்கு இன்னமும் பயமா இருக்கு. பக்கத்து மெஷின் அக்கா ஸ்விட்சை ஆஃப் பண்ணி, வீலைக் கையால திருப்பி ஊசியை மேல ஏத்தினாங்க. நுனி உடைஞ்சு உள்ளயே நின்னுருச்சு. எக்ஸ்ரே, டிடி ஊசி, நாலு நாள் வேலை இல்ல.

கட்டுப் போட்ட நர்ஸம்மா "என்ன மாத்திரை போட்டே?"ன்னு கேட்டாங்க. பேர் தெரியலைங்க. கவர்ல இருந்த மிச்சத்தைக் காட்டினேன், அட்டைத் துண்டுல பாதி எழுத்துதான் இருக்கு. அவங்க திட்டலை, தலையில அடிச்சுக்கிட்டாங்க.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது: எங்க லைன்ல நாலு பேர் செட்ரிசின்னு ஒரு அலர்ஜி மாத்திரை நல்லதுன்னு சொல்றாங்க. அதை மட்டும் தினமும் ஒண்ணு போட்டுட்டு வந்தா வீசிங்கும் நிக்குமா? தூக்கம் வராத மாத்திரைன்னு நெசமாவே ஒண்ணு இருக்குதா? இன்ஹேலர் புடிச்சா அப்புறம் விடவே முடியாதுங்கறாங்களே? அப்புறம் ஒண்ணு, என் தங்கச்சி மகளுக்கு மூணு வயசு, சளி புடிச்சா நான் குடிக்கிற சிரப்புலயே அரை மூடி ஊத்திருவோம். அது தப்புங்களா?


வேன் டிரைவர், பல்லடம்:

அக்கா, நானும் உங்க கேஸ்தான். தூசி ஆகாது. கம்பெனி ஆளுங்களை ஏத்தி எறக்கற வேன் ஓட்டறேன். செட்டு மாத்திரையை விட்டுருங்க, செட்ரிசின் ராத்திரி ஒண்ணு போட்டுட்டு படுங்க. தூக்கமும் நல்லா வரும், காலையில மூக்கும் க்ளீன். நான் மூணு வருஷமா அப்படித்தான். வீசிங் வந்தா அன்னிக்கு மட்டும் ரெண்டு.

இன்ஹேலர் பக்கம் மட்டும் போயிராதீங்க. எங்க மாமா புடிச்சாரு, சாகற வரைக்கும் சட்டைப் பாக்கெட்லயே இருந்துச்சு. தூதுவளை ரசம் வெச்சுக் குடிங்க.


பழைய மருந்தாளுநர், ஈரோடு:

அம்மிணி, விரல் எப்படி இருக்குது? நகம் விழுந்தா முழுசா முளைக்க ஆறு மாசம் பக்கம் ஆகும், அவசரப்பட்டு ஓரத்தைப் பிச்சு எடுக்காதீங்க.

அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்ல 31 வருஷம் நின்னவன் நான். டாக்டர் இல்ல. மாத்திரையைப் பத்திப் பேசுவேன். உங்க நெஞ்சைப் பத்தி ஸ்டெத் வெச்சுப் பாக்கறவங்கதான் சொல்லணும். ஆனா ஒண்ணை இப்பவே சொல்லிடலாம். செட்ரிசின் மூக்குக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் உள்ள மாத்திரை. நெஞ்சுக்கு இல்ல.

தூசி உள்ள போனதும் ஒடம்புல இருக்கற மாஸ்ட் செல்லுன்னு ஒண்ணு ஹிஸ்டமின்ங்கற பொருளைக் கொட்டும். தும்மல், மூக்குத் தண்ணி, மேலண்ண அரிப்பு, தோல்ல தடிப்பு எல்லாம் அது பண்ற வேலை. ஹிஸ்டமின் வந்து உக்கார வேண்டிய எடத்துல, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற மாதிரி, செட்ரிசின் முன்னாடியே துண்டு போட்டுரும். அதனாலதான் தும்மி முடிச்சப்புறம் போடறதை விட, தூசிக்குப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டா நல்லா கேக்குது. மூச்சுக்குழாய் கதை வேற. அங்க குழாயை இறுக்கறதுல லுகோட்ரயீன்னு இன்னொரு கூட்டத்துக்குப் பெரிய கை. போதாததுக்கு குழாயோட உள்சுவரே மாசக்கணக்கா வீங்கிக் கெடக்கும். அந்த எடத்துல செட்ரிசின் ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் இறுக்கம் தளராது. பல்லடம் தம்பி, வீசிங் வந்தா ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ரெண்டாவது மாத்திரை உங்க நெஞ்சுக்குப் போகல. நேரா ஸ்டியரிங் பிடிக்கற கைக்குத்தான் போகுது.

தூக்கத்துக்கு வர்றேன். ஹிஸ்டமினைத் தடுக்கற இந்த அலர்ஜி மாத்திரைகள்ல பழசு, புதுசுன்னு ரெண்டு தலைமுறை. சிபிஎம்னு நாங்க சொல்ற குளோர்ஃபெனிரமின், அவில்ல இருக்கற ஃபெனிரமின், ப்ரோமெதசின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின் இதெல்லாம் பழசு. இதெல்லாம் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சுலபமா நுழைஞ்சிரும். மூளையில ஹிஸ்டமினோட வேலையே நம்மளை முழிச்சிருக்க வைக்கறது. அதை அடைச்சா, கண்ணு தொறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். நீங்க எழுதினீங்களே, வலி ஒரு நொடி கழிச்சுத் தெரிஞ்சுதுன்னு, அதேதான். ராத்திரி போட்டா காலையில சரியாயிரும்னும் நம்பாதீங்க. சிபிஎம் ஒடம்புல பாதியாக் குறையவே பெரியவங்களுக்கு இருபது மணி நேரம் பக்கம் ஆகும். காலை ஷிப்டுக்கு அதையும் கூட்டிட்டுத்தான் போறீங்க. மேல ஒரு பீர் போட்டா சொல்லவே வேண்டாம்.

புதுசுல லோரடடின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின், செட்ரிசின், லிவோசெட்ரிசின். மூளைக்குள்ள கம்மியாத்தான் போகும். இதுலயும் செட்ரிசின் சிலரை அசத்தும். பத்துப் பேர்ல ஒருத்தருக்குன்னு வெச்சுக்குங்க. பாக்கி ஒன்பது பேர் "எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு உங்களுக்கு சிபாரிசு பண்ணுவாங்க. மெஷின், வண்டி, உயரத்துல வேலைன்னு இருக்கறவங்களுக்கு ஃபெக்சோஃபெனடின்தான் பாதுகாப்பானதுன்னு என் கணக்கு. அதை வெறும் தண்ணியில போடணும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட போட்டா ஒடம்புல சேர்றது குறைஞ்சிரும். வயித்தெரிச்சலுக்குக் குடிக்கற ஜெல்லுக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். எந்த மாத்திரையா இருந்தாலும் மொதத் தடவை போடறப்ப லீவு நாள்ல போட்டுப் பாருங்க, மெஷின்ல உக்காந்து சோதிக்காதீங்க.

தூக்கம் வராத மாத்திரைன்னதும் ஒரு பழைய ஞாபகம். 90கள்ல டெர்ஃபெனடின்னு ஒண்ணு இருந்துச்சு, அசத்தவே அசத்தாதுன்னு தூக்கி வெச்சுக் கொண்டாடினோம். எரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்கோ, படைக்கு முழுங்கற கீட்டோகொனசோலோ கூடச் சேந்தா இதயத் துடிப்பே தாறுமாறாகி ஆளைச் சாய்ச்சிரும்னு பின்னாடி தெரிஞ்சுது. 1998-ல அமெரிக்காவுல சந்தையை விட்டே எடுத்தாங்க. அது ஒடம்புக்குள்ள போய் மாறுற பொருள்தான் இப்ப நாம போடற ஃபெக்சோஃபெனடின். அதுக்கு அந்தத் தொல்லை இல்ல. தனி மாத்திரையைப் பாத்து மட்டும் நல்லது, கெட்டதுன்னு சொல்லிட முடியாதுன்னு எனக்கு அப்பப் புரிஞ்சுது. பக்கத்துல என்ன மாத்திரை கெடக்குதுன்னு பாக்கணும்.

அதனாலதான் உங்க காகிதக் கவர் எனக்கு உறுத்துது. அந்த நாலு மாத்திரைக்கும் பேர் வேணும். கடையில சண்டை போட வேண்டாம், "டாக்டர் கேக்கறார், எழுதிக் குடுங்க"ன்னு சொல்லுங்க. வாங்கிட்டு இங்க போடுங்க, மிச்சம் பேசலாம்.

பாப்பாவுக்கு அந்த சிரப் வேண்டவே வேண்டாம். பாட்டில்ல குளோர்ஃபெனிரமின், ஃபெனைல்எஃப்ரின் ரெண்டும் சேந்திருக்கான்னு பாருங்க. அந்தச் சேர்க்கையை நாலு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போடச் சொல்லி 2023 டிசம்பர்ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டிருக்கு. பெரியவங்க மருந்துல அரை மூடின்னு குழந்தைக்கு ஒரு அளவே கிடையாது.


ராயபுரம் அம்மா:

ஐயா சொன்னதோட என் பங்குக்கு ஒண்ணு. என் பையனுக்கு ஒன்பது வயசு. எதுக்கு அலர்ஜின்னு கண்டுபிடிக்க தோல்ல குத்திப் பாக்குற டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தாங்க. முழங்கைக்குக் கீழ பேனாவால வரிசையா நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் ஒரு சொட்டு விட்டு லேசா குத்தினாங்க. இருபது நிமிஷம் பாத்தா எதுவுமே தடிக்கல. நான் சந்தோஷப்பட்டுட்டேன், புள்ளைக்கு அலர்ஜியே இல்லன்னு. அந்தம்மா கடைசி சொட்டைக் காட்டி, "இது சுத்தமான ஹிஸ்டமின், இது எல்லாருக்கும் கொசு கடிச்ச மாதிரி தடிக்கணும், இதுவே தடிக்கல, என்ன மாத்திரை குடுத்தீங்க?"ன்னாங்க. ரெண்டு நாள் முன்னாடி மூக்கொழுகுதேன்னு லிவோசெட்ரிசின் குடுத்திருந்தேன். டெஸ்ட் காசு போச்சு, லீவு போச்சு. ஒரு வாரம் நிறுத்திட்டுத்தான் வரணுமாம். எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லல.

இன்னொண்ணு. அவனுக்கு வீசிங், அலர்ஜிக்குக் குடுக்கற மான்டெலுகாஸ்ட்டும் லிவோசெட்ரிசினும் சேந்த மாத்திரை குடுத்துட்டு இருந்தோம். ராத்திரி ராத்திரி கெட்ட கனவு, அழுகை, காரணமே இல்லாம கோபம். ஸ்கூல் மாத்தினதாலன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட சொன்னதும் அந்த மாத்திரையைத்தான் மொதல்ல நிறுத்தினார். ரெண்டு வாரத்துல பழைய புள்ளையா ஆயிட்டான்.


பழைய மருந்தாளுநர், ஈரோடு:

தாயி, சரியா கவனிச்சீங்க. மான்டெலுகாஸ்ட் மனசை, தூக்கத்தைக் கலைக்கறது சிலருக்கு உண்டு. 2020-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் அதோட லேபிள்ல பெட்டி கட்டிக் கடுமையான எச்சரிக்கையே போட வெச்சுது. நம்ம ஊர்ல ரெண்டும் சேந்த அந்த மாத்திரையை தும்மல் வந்தாலே எழுதறாங்க. பேரோட கடைசியில "எல்சி"ன்னு இருந்தா அநேகமா அதுதான். அதைப் போட்டுட்டு மேல தனியா ஒரு செட்ரிசினும் போடறவங்களை ஜன்னல்ல வாரத்துக்கு ஒருத்தரையாவது பாத்திருக்கேன். லிவோசெட்ரிசின்ங்கறது செட்ரிசின்ல இருந்து பிரிச்செடுத்த பாதிதான். அண்ணனையும் தம்பியையும் ஒரே வேலைக்கு அனுப்பற கதை.


வேன் டிரைவர், பல்லடம்:

ஐயா, நீங்க எனக்குச் சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு, மொதல்ல கோவம்தான் வந்துச்சு. ஆனா இன்னொரு விஷயம் மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

எங்கப்பாவுக்கு 71. ப்ராஸ்டேட் வீக்கம், அதுக்கு மாத்திரை சாப்பிடறாரு. போன தைப்பொங்கல் சமயம் சளின்னாரு. வீட்ல கெடந்த ஜலதோஷ மாத்திரையைக் குடுத்தேன், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறுநாள் விடிகாலை அடிவயிறு கல்லு மாதிரி. யூரின் போகவே இல்ல, ஆள் துடிக்கறாரு. ஆஸ்பத்திரியில டியூப் போட்டு ஒண்ணேகால் லிட்டர் எடுத்தாங்க. சளி மாத்திரையாலயும் வரும்னு அங்க சொன்னப்ப நான் நம்பல. அது இந்தப் பழைய தலைமுறை சமாச்சாரம்தானுங்களா?


பழைய மருந்தாளுநர், ஈரோடு:

ஆமா தம்பி, அதேதான். வாய் காயும், மூத்திரப்பை சுருங்காது, மலம் இறுகும், குறுகின கோண கிளாக்கோமான்னு ஒரு கண் நோய் இருந்தா கண்ல அழுத்தம் ஏறும். வயசானவங்களுக்கு திடீர்னு குழப்பம், இருட்டுல எந்திரிச்சு விழறது. போதாததுக்கு ஜலதோஷ மாத்திரையில மூக்கடைப்புக்குன்னு ஃபெனைல்எஃப்ரின் இருக்கும், அது மூத்திரப்பை வாசலை இன்னும் இறுக்கும். அப்பாவோட மாத்திரை டப்பா மூடியில ஒரு பிளாஸ்திரி ஒட்டி "சளி மாத்திரை கூடாது"ன்னு எழுதி வைங்க. உங்களுக்குக் கோவம் வந்ததுல தப்பில்ல.

உங்க மூணு வருஷ செட்ரிசினைப் பத்தியும் ஒண்ணு. தேவைப்பட்டா மாசக்கணக்குல போடலாம், பெரிய கெடுதல் இல்ல. கிட்னி வலுக் குறைஞ்சவங்களுக்கு மட்டும் அளவைப் பாதியாக் குறைக்கணும், அது மூத்திரத்துலதான் வெளிய போகுது. ஆனா ரொம்ப நாள் தினமும் போட்டுட்டு படக்குன்னு நிறுத்தினா, ஒண்ணு ரெண்டு நாள்ல ஒடம்பெல்லாம் பிடுங்கற அரிப்பு வர்றது அபூர்வமா சிலருக்கு உண்டு. 2025 மே மாசம் அமெரிக்காவுல இதுக்கும் எச்சரிக்கை சேத்தாங்க. அந்த அரிப்பைப் பாத்து "நோய் கூடிருச்சு"ன்னு நெனச்சுக்காதீங்க. நிறுத்தறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மெதுவா எறக்குங்க.


ஓவர்லாக்காரி, திருப்பூர்:

ஐயா, எழுதி வாங்கிட்டேனுங்க. மொதல்ல "நாங்க வழக்கமாக் குடுக்கறதுதான்"னாங்க. டாக்டர் கேக்கறாருன்னதும் ஒரு பில் பேப்பர் பின்னாடி எழுதினாங்க. சிபிஎம் 4. பிரெட்னிசோலோன் 10. எட்டோஃபிலினும் தியோஃபிலினும் சேந்தது ஒண்ணு. டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேந்தது ஒண்ணு. இதைக் காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. அன்னிக்கு மட்டும் மத்தியானமே போட்டுட்டேன். இதுல எது என் வீசிங்கைக் கேக்க வெச்சுதுங்க?


பழைய மருந்தாளுநர், ஈரோடு:

நான் பயந்தது சரியாப் போச்சு.

உங்க மூச்சை லேசாக்கினது சிபிஎம் இல்ல அம்மிணி, பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு. கூடவே தியோஃபிலின் கொஞ்சம், கை நடுங்கி படபடன்னு அடிச்சுதுன்னா அதுதான் காரணம். சிபிஎம் உங்களைத் தூங்க வெச்சு விரலைக் குத்த விட்டுது, பேர் மட்டும் அது தட்டிட்டுப் போச்சு.

இப்பக் கணக்குப் போடுங்க, பீஸ் ரேட் கணக்கு போடறவங்கதானே. நாளைக்கு ரெண்டு பிரெட்னிசோலோன்னா 20 மில்லிகிராம். மூணு நாளைக்கு 60. மைக்ரோகிராம்ல சொன்னா 60,000. டாக்டர்கள் சாதாரணமா எழுதற புடசனைடு இன்ஹேலர் காலையில 200, ராத்திரி 200 மைக்ரோகிராம்னு வெச்சுக்குங்க. நாளைக்கு 400. அறுபதாயிரத்தை நானூறால வகுங்க. நூத்தம்பது நாள். ரெண்டும் வேற வேற ஸ்டீராய்டு, எடைக்கு எடை சமமில்லதான், புடசனைடு வீரியம் கூட. ஆனாலும் இன்ஹேலர்ல போறது நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது. நீங்க முழுங்கினது எலும்பு, சர்க்கரை, பிரஷர், மொகம்னு ஊரெல்லாம் சுத்திட்டு நெஞ்சுக்கு வருது. இன்ஹேலர் பழகிருமேன்னு பயந்துட்டு அதைவிடப் பெரிய ஸ்டீராய்டை மாசாமாசம் பேர் தெரியாம சாப்பிட்டிருக்கீங்க. பல்லடம் மாமா கடைசி வரைக்கும் இன்ஹேலர் வெச்சிருந்தார்னா, அவருக்குக் கடைசி வரைக்கும் ஆஸ்துமா இருந்துச்சு, அவ்வளவுதான். கண்ணாடி போட்டவரை யாரும் கண்ணாடிக்கு அடிமைன்னு சொல்றதில்லையே.

போதாததுக்கு டைக்ளோஃபெனாக்ங்கற வலி மாத்திரை வேற. ஆஸ்துமாக்காரங்கள்ல சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எது போட்டாலும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மூச்சு இறுக்கிரும். உங்களுக்கு அப்படி ஆச்சான்னு நெனச்சுப் பாருங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது வரைக்கும் வலிக்கு பாராசிட்டமால் மட்டும்.

நாலு வாரத்துல ஒரே ஒரு ராத்திரி வீசிங்கால முழிச்சாலே ஆஸ்துமா முழுசாக் கட்டுக்குள்ள இல்லன்னுதான் எடுத்துக்கணும். உங்களுக்கு எத்தனை ராத்திரின்னு எனக்குச் சொல்ல வேண்டாம். இந்த வாரமே பெரியாஸ்பத்திரி நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்க. அந்த பில் பேப்பரைக் கையில எடுத்துட்டுப் போங்க. இத்தனை மாசமா ஸ்டீராய்டு விட்டு விட்டுச் சாப்பிட்டதை மறக்காம சொல்லணும், வெக்கப்படாதீங்க.

அதுக்குள்ள ஒரு ராத்திரி, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல பேசி முடிக்க முடியாமப் போனா, உதடு நீலம் பாரிச்சா, எந்த மாத்திரையையும் தேடாதீங்க. 108 கூப்பிடுங்க. அதே மாதிரி ஏதாவது சாப்பிட்டோ குளவி கொட்டியோ ஒடம்பெல்லாம் தடிச்சு, தொண்டை அடைச்சு, தலை சுத்துதுன்னா அதுக்கும் செட்ரிசினும் அவிலும் போதாது. தொடையில போடற அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காப்பாத்தும். அலர்ஜி மாத்திரை போட்டிருக்கோமேன்னு வீட்ல உக்காந்து வேடிக்கை பாத்த நேரத்துல போன உயிரை நான் பாத்திருக்கேன். அதை இங்க எழுத மனசு வரல.


ஓவர்லாக்காரி, திருப்பூர்:

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க. போயிட்டு வந்தேன். ரெண்டு நாள் கூலி போச்சு, மாமியார் முணுமுணுத்தாங்க, பரவால்ல.

ஒரு குழாயை வாயில வெச்சு "ஊது ஊது ஊது, விடாதே"ன்னு கத்தறாங்க, ஊதினேன். அப்புறம் இன்ஹேலர் ரெண்டு மூச்சு குடுத்து கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொன்னாங்க. ரெண்டாவது தடவை நல்லா ஊதியிருக்கேன்னு பேப்பர்ல காட்டினாங்க. ஆஸ்துமாதான். ஃபார்மோடெரால், புடசனைடு சேந்த இன்ஹேலர் காலையிலயும் ராத்திரியும், கூட ஸ்பேசர்னு இன்ஹேலரை மாட்டி இழுக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடிச்சு முடிச்சா வாய் கொப்புளிச்சுத் துப்பணும், இல்லைன்னா நாக்குல வெள்ளை படியுமாம். மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே. அதை நான் ரெண்டு நாள் தலையை அண்ணாந்து நடுத்தண்டைப் பாத்து அடிச்சுட்டு, கசப்பு தொண்டையில எறங்குது, மூக்குல ரத்தம் வருதுன்னு நிறுத்திட்டேன். போன் பண்ணிக் கேட்டா, தலையைக் குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கைன்னு வெளிப்பக்கமா அடிக்கச் சொன்னாங்க. அப்படி அடிச்சா கசப்பே இல்லைங்க. ஒரு வாரம் ஒண்ணும் தெரியல. பத்தாம் நாள் காலையில எண்ணிப் பாத்தேன், நாலு தும்மல்.

ஃபெக்சோஃபெனடின் 120 பஞ்சு அதிகமா இருக்கற நாளைக்கு மட்டும் போடச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்தேன், வீட்ல உக்காந்து பழைய துணி தெச்சேன், அசத்தல. சூப்பர்வைசர் என் மெஷினைக் கட்டிங் டேபிள்ல இருந்து நாலு மெஷின் தள்ளிப் போட்டுட்டாரு. இப்ப அந்த எடத்துல கைமடிக்கிற ஒரு சின்னப் பொண்ணு உக்காருது, அது தும்மறது எனக்குக் கேக்குது. அதுக்கும் சொல்லியிருக்கேன்.

ராத்திரி மூணு மணி முழிப்பு இன்னும் வருதுங்க. ஆனா சத்தம் இல்ல. பழக்க தோஷத்துல எந்திரிச்சு செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டு, அப்புறம் எதுக்கு உக்காந்தோம்னு படுத்துக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம் ஐயா. ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில கழுவச் சொன்னாங்க. நான் கழுவி நல்லா பனியன் துணியில துடைச்சு வெச்சேன். துடைக்கக் கூடாதுன்னு பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க. துணி சுத்தமானதுதானே, ஏன் கூடாது?


பழைய மருந்தாளுநர், ஈரோடு:

அழுக்குக்காகச் சொல்லல. பாலியஸ்டர் துணி மெஷின்ல ஓடறப்ப கை முடியெல்லாம் இழுத்துட்டு ஒட்டுமே, தெரியுமில்ல? பிளாஸ்டிக்கைத் துணியால தேச்சா அதே மின்சாரம் டப்பாவுக்குள்ளயும் வந்துரும். நீங்க அடிக்கற மருந்து நெஞ்சுக்குப் போகாம டப்பாச் சுவத்துலயே ஒட்டிக்கும். கழுவி, உதறி, அப்படியே காத்துல காய வைங்க.


ஓவர்லாக்காரி, திருப்பூர்:

அந்த ஒட்டலா! புரிஞ்சுதுங்க ஐயா. இப்பவே போய் மறுபடி கழுவி ஜன்னல்ல வெக்கறேன்.